வியாழக்கிழமைச் சோர்வு: மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு நீடித்த மனச்சோர்வு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

புற்றுநோய்ப் பிரிவில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இங்கே எழுதப்போவது 43 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி. தென்காசிப் பக்கத்துக் கிராமம், பீடி சுற்றும் தொழில். அவர் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, இதே நிலையில் வந்த வேறு சிலரின் விவரங்களையும் கலந்து, குடும்பம், தேதி, தொகை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அவருடைய மனச்சோர்வு முழுவதையும் நாங்கள் புற்றுநோயின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தோம். அது வேறு இடத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.

நோயும் சிகிச்சையும்

மார்ச் மாதம் இடது மார்பில் கட்டியோடு வந்தார். சதைப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியானது. இரண்டாம் நிலை, ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படும் வகை. ஏப்ரலில் மார்பகத்தையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் நீக்கினார்கள். மே மாதத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு கீமோ, நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்வது. ஜூலையிலிருந்து செப்டம்பர் கடைசி வரை வாரம் ஒருமுறை பாக்லிடாக்ஸல் என்ற வேறொரு கீமோ மருந்து, 12 தவணை. அக்டோபரில் 15 நாள் ரேடியேஷன்; எங்கள் பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்றால்தான் எல்லாருக்கும் புரியும். நவம்பர் முதல் தினமும் ஹார்மோனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரை ஒன்று. செலவில் பெரும்பகுதி முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் போய்விட்டது. மருத்துவப்படி பார்த்தால் எல்லாம் நல்லபடியாக நடந்தது. சிகிச்சைக் கோப்பை மட்டும் படிக்கிற ஒருவர், இந்தப் பெண் மாதாமாதம் தேறி வருகிறார் என்றுதான் சொல்வார்.

மே மாதம் நான் எழுதிய ஒரு வரி

இரண்டாவது கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது சத்தமில்லாமல் அழுதார் என்று செவிலியர் என்னிடம் அனுப்பிவைத்தார். தலையில் சேலை முந்தானையை இழுத்து முக்காடு போட்டிருந்தார். முடி கொட்டத் தொடங்கிய வாரம் அது.

மனச்சோர்வைக் கணிக்க நாங்கள் பயன்படுத்துவது பி.ஹெச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் உட்கார்ந்து விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும். அவருக்கு 9 வந்தது. புற்றுநோயாளிகளிடம் இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. தூக்கமின்மை, பசியின்மை, அசதி மூன்றையும் கீமோ ஒன்றே கொடுத்துவிடும். ஜீன் எண்டிகாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-லேயே இதற்கு ஒரு வழி சொன்னார்: உடல் சார்ந்த அறிகுறிகளுக்குப் பதிலாக முகவாட்டம், பேச்சைக் குறைத்துக்கொள்வது, ஒன்றையே நினைத்து மருகுவது, நல்ல செய்தி கேட்டாலும் முகம் மலராமல் இருப்பது ஆகியவற்றைப் பாருங்கள் என்று. அந்தக் கண்ணோடு பார்த்தபோது, மே மாதத்தில் அவர் கலங்கியிருந்தார், ஆனால் முடங்கிப்போகவில்லை. பையனைப் பற்றிப் பேசும்போது சிரித்தார்.

இன்னொரு கருவியும் கையில் இருந்தது. அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் வலையமைப்பு ஒன்று உருவாக்கியது. வெப்பமானி போல ஒரு படம், 0 முதல் 10 வரை. உங்கள் மன அழுத்தம் இந்த வாரம் எந்த அளவில் இருந்தது என்று நோயாளியே குறிக்க வேண்டும். படத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு: பணம், போக்குவரத்து, வேலை, குழந்தைகள், வீட்டில் இன்னொருவரைக் கவனிக்கும் பொறுப்பு. அவர் வெப்பமானியில் 6 குறித்தார். அன்று வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். பட்டியலை நான் கேட்கவே இல்லை. "வீட்டில் எல்லாரும் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லாத்தான் பாத்துக்கிடுதாக மேடம்" என்றார்.

'குடும்ப ஆதரவு: நன்று' என்று எழுதினேன். கோப்பில் அந்த வரி இன்னும் இருக்கிறது.

வியாழக்கிழமை

பாக்லிடாக்ஸல் தொடங்கிய பிறகு ஒரு விஷயம் வார்டில் எல்லாருக்கும் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மருந்து. புதனன்று நன்றாக இருப்பார், போன் பண்ணினால் எடுப்பார். வியாழனன்று சரிந்துவிடுவார். சாப்பிட மாட்டார், எடுத்தாலும் பேச மாட்டார். வெள்ளி, சனியில் கொஞ்சம் தெளிவு. வாராவாரம் இதே.

இதற்கு எங்களிடம் தயார் விளக்கம் இருந்தது. பாக்லிடாக்ஸல் ஒவ்வாமை தராமல் இருக்க முன்னதாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்போம். அது ஒரு நாள், இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துச் சுறுசுறுப்பைக் கொடுக்கும். இறங்கும்போது மனமும் சேர்ந்து இறங்கும். செவ்வாய் போட்டால் வியாழன் இறங்கும். கணக்கு சரியாக வந்தது. ஆகஸ்டில் மதிப்பெண் 13. தைராய்டு சரியாக இருந்தது, ரத்தசோகைக்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தது. "இது மருந்தோட வேலை அக்கா, தவணை முடிந்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று நானே சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் கடைசியில் கீமோ முடிந்தது. ஸ்டீராய்டும் நின்றது. வியாழக்கிழமை மட்டும் நிற்கவில்லை.

ரேடியேஷனின் இரண்டாவது வாரம், வியாழன் அன்று அவர் வரவில்லை. மறுநாள் வந்தவரை ரேடியேஷன் பிரிவிலிருந்து நேரே என்னிடம் கூட்டி வந்தார்கள். மதிப்பெண் 18. ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருப்பதைப் பற்றியது, அதற்கு முதல்முறையாக 0 வரவில்லை. 'சில நாட்கள்' என்று சொன்னார். அந்த இடத்தில் நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டேன். "ராத்திரி படுத்தா அப்படியே எந்திரிக்காம போயிட்டா நல்லாருக்குமேன்னு தோணும் மேடம். நானா ஒண்ணும் செய்ய மாட்டேன். புள்ளைய இருக்கே." வீட்டில் பூச்சிமருந்து உண்டா என்று கேட்டேன். தோட்டத்துக்கு வாங்கியது ஒரு டப்பா இருந்தது. அன்றைக்கே அதை எடுத்துவிட ஏற்பாடு செய்தோம். எந்த நேரமும் பேச 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும், என் எண்ணையும் அவர் போனில் பதிந்து கொடுத்தேன். மனநல மருத்துவரை அன்று மாலையே பார்க்க வைத்தோம்.

அதற்கு முன் ஒன்று கேட்டேன்: "கரண்ட் வைக்கப் பயமாக இருக்கிறதா அக்கா?"

"அதுல என்ன பயம். அஞ்சு நிமிசம் படுத்தா முடிஞ்சிரும். அந்த ரூமுக்குள்ளதான் ஒருத்தரும் வந்து நம்மள ஒண்ணும் கேக்க மாட்டாக."

"யார் வந்து என்ன கேட்கிறார்கள்?"

"வியாழக்கெழம குழு மேடம்."

இரண்டு பத்தி போட்ட தாள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் ஆஸ்பத்திரித் தேதிகள்; அவை கோப்பில் இருந்தன. வலது பக்கம் வீட்டுத் தேதிகள். அவற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. வலது பக்கம் நிறைந்து தாளின் பின்புறமும் ஓடியது.

நோய் தெரிவதற்கு ஒரு வருடம் முன்பு வீட்டுக்குக் கூரை மாற்ற இரண்டு குழுக் கடன்கள் வாங்கியிருந்தார், சேர்த்து 90,000 ரூபாய். வாரத் தவணை 1,100. வியாழன் காலை பத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள், கடன் கொடுத்த கம்பெனியின் ஆள் வருவார். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போக முடியாது. பீடிக்கடையில் இலை போட வேண்டும், குழந்தைக்குச் சோறு வைக்க வேண்டும் என்று எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணவருக்குக் கட்டட வேலை, கூலியில் பாதிக்கு மேல் மதுக்கடைக்குப் போகும். மாமியார் மூன்று வருடமாகப் பக்கவாதத்தில் படுக்கையில். அவரைத் தூக்கி உட்கார வைப்பதும் துணி மாற்றுவதும் இவர்தான். அக்குளில் நெறி எடுத்த கை என்பதால் இடது கையால் கனமாகத் தூக்கக் கூடாது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். யாரைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று கேட்கவில்லை.

கூடவே, நோயை அவர் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார். முடி போனதற்குத் திருச்செந்தூரில் நேர்ந்துகொண்டு மொட்டை போட்டதாகச் சொல்லியிருந்தார். மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, இது வம்சத்தில் வருகிற நோய் என்று பேசுவார்களே என்ற பயம். மார்பகப் புற்றுநோயில் பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது நூற்றில் ஐந்திலிருந்து பத்துதான். ஆனால் ஊர்ப் பேச்சு அந்தக் கணக்கைப் பார்த்து நடப்பதில்லை. சொல்லாமல் இருந்ததால் குழுவில் அவர் நோயாளி இல்லை, தவணை தவறுகிற ஆள். உட்கார்ந்து அழ ஒரு தோள் கிடையாது.

கடைசியாகத்தான் மகளைப் பற்றிச் சொன்னார். பாக்லிடாக்ஸல் விரல் நுனி நரம்புகளைத் தாக்கும். மரத்துப்போகும், ஊசி குத்துவது போல இருக்கும். எங்களுக்கு அது பக்கவிளைவுப் பட்டியலில் ஒரு வரி. பீடி சுற்றுகிறவருக்கு விரல் நுனிதான் பிழைப்பு. இலையை வெட்டி, தூள் வைத்து உருட்டி, முனையை மடித்து, நூல் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 800 பீடி சுற்றியவரால் ஆகஸ்டில் 100 கூட முடியவில்லை. சுற்றினாலும் கடையில் கழித்துவிட்டார்கள். அப்போது பிளஸ் டூ படிக்கும் மகள் பீடி சுற்றும் சுளவை (முறத்தை) இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளி விட்டு வந்து இரவு பதினொரு மணி வரை அம்மாவின் பீடிக் கார்டில், அம்மா பெயரிலேயே சுற்றினாள்.

"எட்டாங்கிளாசோட எங்கம்மா என்னய நிப்பாட்டி சுளவக் கையில குடுத்தா. எம் புள்ள மடியில அது ஏறக் கூடாதுன்னு அவ பொறந்த அன்னிக்கே நெனச்சேன் மேடம். நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அவ சுத்துதா."

தாளைத் திருப்பி இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மதிப்பெண் 9-லிருந்து 13 ஆனது விரல் மரத்து மகள் சுற்றத் தொடங்கிய மாதம். 18 ஆனது, தவணை மூன்று வாரம் நின்று, கம்பெனி ஆள் இரவு ஏழரைக்கு வீட்டுவாசலில் வந்து நின்ற வாரம். இடது பக்கத்தில் அதே நாட்களில் எல்லாமே நல்ல செய்தி. கீமோ முடிந்தது, ரத்தம் ஏறியது.

அடியும் பாரமும்

புற்றுநோய் என்று தெரிவது ஓர் அடி. நீடிக்கும் வாழ்க்கை நெருக்கடி ஒரு பாரம். மனச்சோர்வில் இவை இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, இந்த வித்தியாசம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. 1970-களில் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் நடத்திய ஆய்வு, திடீர் நிகழ்வுகளையும் நெடுநாள் சிரமங்களையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தது. இரண்டு வருடத்துக்கு மேல் நீடிக்கும் பெரிய சிரமங்கள் தாமாகவே மனச்சோர்வைக் கொண்டுவரக் கூடியவை என்று அவர்கள் காட்டினார்கள். மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாவிட்டால் ஆபத்து கூடும் என்றும் சொன்னார்கள். பிறகு இஸ்லிங்டன் பகுதியில் செய்து 1987-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னும் நுணுக்கமான ஒன்று தெரிந்தது. ஏற்கெனவே இருக்கும் சிரமத்திலிருந்தே முளைக்கும் நிகழ்வும், ஒரு பெண் உயிராக நினைத்துப் பற்றியிருக்கும் ஒன்றின் மேல் விழும் நிகழ்வும் மற்றவற்றைவிட அதிகமாக வீழ்த்துகின்றன. கையில் சுளவோடு உட்கார்ந்திருக்கும் மகள் இரண்டிலும் பொருந்துகிறாள்.

புற்றுநோயையே நேராகப் பார்த்த ஆய்வும் உண்டு. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் வந்த 222 பெண்களை லண்டனில் ஐந்து வருடம் பின்தொடர்ந்து, 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். முதல் வருடத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இரண்டுமோ இருந்தது. ஐந்தாம் வருடத்தில் அது 15 சதவீதமாக இறங்கியது. நோயின் கடுமைக்கும் சிகிச்சையின் வகைக்கும் இதில் தொடர்பு தென்படவில்லை. நீண்ட நாள் விடாமல் இருந்தவர்களிடம் தெரிந்தவை வேறு: முன்பே மனநல சிகிச்சை எடுத்திருப்பது, இளம் வயது, நெருக்கமாகப் பேச ஆள் இல்லாதது, புற்றுநோய்க்கு வெளியே கடுமையான வாழ்க்கை அனுபவங்கள். கடைசி மூன்றும் நம் கேஸில் இருந்தன.

ஏன் பாரம் இவ்வளவு வேலை செய்கிறது? அடிக்கு ஒரு தேதி உண்டு. அழுது, பேசி, கொஞ்சம் கொஞ்சமாக மனம் அதற்கு இடம் கொடுத்துவிடும். வாராவாரம் வரும் வியாழனுக்கு மனம் எப்படி இடம் கொடுக்கும்? ஆறுவதற்கான நாட்களே கிடைப்பதில்லை. உடம்பிலும் இதுதான் நடக்கிறது. ஆபத்து நேரத்தில் ஏறி இறங்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன், ஆபத்து ஓயாதபோது ஒழுங்காக இறங்குவதில்லை. தூக்கம் கெடுகிறது. அறுவை சிகிச்சையாலும் கீமோவாலும் ஏற்கெனவே அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கூடியிருக்கும் உடம்பு அது. அவை தாமே அசதியையும் நாட்டமின்மையையும் கொண்டுவரும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன.

திரும்பும் பாதையும் ஒன்று உண்டு. மனச்சோர்வு தானே புது நெருக்கடியை உண்டாக்கும் என்பதைக் கான்ஸ்டன்ஸ் ஹாமன் 1991-ல் விளக்கினார். இவர் வியாழன் காலை எழ முடியாமல் படுத்துவிட்டார், கூட்டத்துக்குப் போகவில்லை. அதனால் குழுத்தலைவியோடு சண்டை, அதனால் இன்னும் சோர்வு. இந்தச் சுழலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பொறுப்பின்மையாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் அதைத் தன் குற்றமாகவே சுமந்துகொண்டிருந்தார். "ரொம்பக் கவலப்பட்டதாலதான் இந்த நோவு வந்துச்சா மேடம்?" இல்லை. வாழ்க்கைக் கவலைதான் மார்பகப் புற்றுநோயை உண்டாக்கியது என்பதற்குப் பெரிய ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. இதை அவருக்கு மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறைதான் காதில் விழுந்தது.

என்ன செய்தோம்

மருந்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்பட்டது. டமாக்ஸிஃபென் உடம்பில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழுமையாக வேலை செய்யும். ஃப்ளூவாக்ஸெடின், பாராக்ஸெடின் ஆகிய மனச்சோர்வு மாத்திரைகள் அந்த நொதியைத் தடுப்பவை. ஊர்ப்பக்கம் ஃப்ளூவாக்ஸெடின் எளிதாக எழுதிக் கொடுக்கிறார்கள், அதனால் டமாக்ஸிஃபென் சாப்பிடுகிற எல்லாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மனநல மருத்துவர் வென்லாஃபாக்ஸினைத் தேர்ந்தெடுத்தார். 37.5 மில்லிகிராமில் தொடங்கி 75-க்குக் கொண்டுபோனார். அது அந்த நொதியை அதிகம் தொடாது, டமாக்ஸிஃபென் கொடுக்கும் உடல்சூட்டையும் தணிக்கும்.

பேச்சு சிகிச்சையில் நான் பிடித்துக்கொண்டது இரண்டு: பிரச்சினையைத் துண்டு துண்டாக எடுத்துத் தீர்க்கும் பயிற்சி, நின்றுபோன செயல்களைச் சிறிதாக மீண்டும் தொடங்குவது. ஸ்காட்லாந்தில் 500 புற்றுநோயாளிகளிடம் நடந்து 2014-ல் லான்செட்டில் வெளியான ஆய்வு இந்த இரண்டையும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தது. 24 வாரத்தில் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 62 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. வழக்கமான கவனிப்பில் அது 17 சதவீதம்தான்.

ஆனால் எங்கள் தாளின் வலது பக்கத்தைப் பேச்சால் மட்டும் குறைக்க முடியாது. சமூகப் பணியாளர் இறங்கி வேலை செய்தார். நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதி வகுத்திருக்கிறது: காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதைச் சொல்லி, சிகிச்சைச் சான்றோடு எழுதியதில் தவணைக் காலத்தை நீட்டினார்கள். வாரம் 1,100 என்பது 600 ஆனது. கடன் குறையவில்லை, மூச்சு விட இடம் கிடைத்தது.

அதற்கு நோயைச் சொல்லியாக வேண்டியிருந்தது. யாரிடம் சொல்வது என்பதை முழுக்க அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டோம். குழுத்தலைவியிடம் மட்டும் சொல்கிறேன் என்றார். அந்த அம்மா முதலில் கோபப்பட்டாராம், திருச்செந்தூர் மொட்டை என்று பொய் சொன்னாயே என்று. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாளைக் கருவாட்டுக் குழம்போடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, இவர் மருந்துப் பையைப் பிரித்து எது எதற்கு என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது எண்டிகாட் சொன்ன முகமலர்ச்சியை ஐந்து மாதத்தில் முதல்முறையாகப் பார்த்தேன்.

மாமியாருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுத்தார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர்த்துவதை, இவர் தூக்காமல், பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாத்தனார் மாதம் பத்து நாள் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். அது இரண்டு மாதம்தான் ஓடியது.

மகளை ஒருமுறை தனியாக வரவழைத்தோம். "பீடி சுத்துறது எனக்குக் கஷ்டம் இல்ல மேடம். அம்மா சுவரப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கதுதான் கஷ்டம்" என்றாள். தாய் ஒன்றை நினைத்துக் குமைந்தார், மகள் வேறொன்றை நினைத்து. இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து அதைச் சொல்லவைத்தது இந்தச் சிகிச்சையிலேயே அதிகப் பயன் தந்த நாற்பது நிமிடம் என்று நினைக்கிறேன். பொதுத்தேர்வு வரை சனி, ஞாயிறு மட்டும் சுற்றுவது என்று முடிவானது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தார்கள்.

செயல்களில், அவரே சொன்னது பூக்கட்டுவது. முன்பெல்லாம் மகளுக்குத் தினமும் பிச்சிப்பூ கட்டிக் கொடுப்பாராம். மரத்த விரலுக்கு அது நல்ல பயிற்சியும்தான். முதல் வாரம் ஒரு முழம் கட்ட ஒரு மணி நேரம் ஆனது, பாதி உதிர்ந்தது. விரல் நரம்பு மெதுவாகத்தான் தேறும், சிலருக்கு முழுதாகத் தேறாது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தோம். ஜனவரியில் மதிப்பெண் 9.

பிப்ரவரி

இங்கே நிறுத்தியிருந்தால் இது வெற்றிக் கதையாகிவிடும். பிப்ரவரி நடுவில் 15-க்கு ஏறியது. அதே வாரம் பரிசோதனைகள் எல்லாம் சுத்தமாக வந்திருந்தன. புற்றுநோய் மருத்துவர் மகிழ்ச்சியோடு சொன்னார், கேட்ட இவர் முகம் அசையவில்லை. 'திரும்ப வந்துவிடுமோ என்ற பயமாக இருக்கும்' என்று கோப்பில் எழுதியிருந்தார்கள். இந்த முறை நான் முதலில் வலது பக்கத்தைக் கேட்டேன். தவணைக்கு அரிசிப்பானையில் வைத்திருந்த 2,400 ரூபாயைக் கணவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார், இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை.

குடியை எங்களால் மாற்ற முடியவில்லை. குடிநோய்ப் பிரிவுக்கு ஒருமுறை வந்தார், மறுமுறை வரவில்லை. எங்களால் முடிந்தது சின்ன ஏற்பாடுகள்தான். பணத்தை இனி குழுத்தலைவி வீட்டில் வைப்பது, மகளிர் உரிமைத்தொகை வரும் வங்கிக் கணக்கின் அட்டையை இவரே வைத்துக்கொள்வது, கணவர் குடித்துவிட்டு வரும் இரவுகளில் பிள்ளைகளோடு எங்கே போய்ப் படுப்பது என்று முன்கூட்டியே பேசிவைப்பது. மாத்திரை அளவை மாற்றவில்லை. ஐந்து வாரத்தில் 8-க்கு இறங்கியது.

சில சமயம் சக மருத்துவர்கள் கேட்பார்கள், குடியும் கடனும் நம் வேலையா என்று. நான் அவர்களிடம் அந்தத் தாளைக் காட்டுவேன். "தைரியமா இருங்க" என்று ஒரு வருடத்தில் எத்தனை பேர் அவரிடம் சொன்னோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவரிடம் இல்லாதது தைரியம் அல்ல. மூன்று வருடம் மாமியாரைத் தூக்கி, கீமோவோடு தவணை கட்டி, ஊருக்கே மறைத்து நடமாடியவர் அவர். இப்போது எங்கள் பிரிவில் வெப்பமானிப் படத்தோடு பட்டியலையும் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை. 'நல்லாப் பாத்துக்கிடுதாக' என்று பதில் வந்தால், நீங்கள் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றும் கேட்கிறோம். ஆளுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது.

இப்போது

நோய் தெரிந்து பதினெட்டு மாதம் ஆகிறது. கடைசி மதிப்பெண் 6. வென்லாஃபாக்ஸின் தொடர்கிறது. ஒரு நாளைக்கு 400 பீடி சுற்ற முடிகிறது, இடது கையின் இரண்டு விரல்களில் மரமரப்பு அப்படியே இருக்கிறது. ஒரு கடன் முடிந்தது, இன்னொன்று ஓடுகிறது. மாமியார் நாற்காலியில் உட்கார்கிறார். கணவர் குடிக்கிறார். வியாழக்கிழமைகளில் இன்னும் காலைச் சாப்பாடு இறங்குவதில்லை என்கிறார், மதியம் சரியாகிவிடுகிறது. மகள் அரசுக் கல்லூரியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது.

போன முறை கிளம்பும்போது அடுத்த தேதியைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "அந்த வாரம் வேண்டாம் மேடம், பாப்பாவுக்கு செமஸ்டர் இருக்கு. முடியட்டும், அதுக்கடுத்த செவ்வாக்கெழம வாரேன்" என்றார். பழைய தாளை எடுத்து, வலது பக்கத்தின் கடைசியில் எழுதிக்கொண்டேன்: மகளுக்கு செமஸ்டர்.